ஐந்து கிலோமீட்டரும் அதற்கு மேல் கொஞ்சமும்

ஆகஸ்ட் 4, திங்கள்
கல்லூரி மைதானத்தில் இன்றும் கார்கள். யாரோ பட்டம் வாங்குகிறார்களாம். அதற்காக என் ஓடுபாதையின் வளைவில் வரிசையாக வண்டிகள். பதினேழு வருஷமாக நான் இங்கே தற்காலிகப் பயிற்சியாளர். இவ்வளவு நீளமான தற்காலிகத்தை வேறெங்கும் பார்த்ததில்லை.

பிள்ளைகளைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப் போனேன். தேர்வு ஓட்டத்துக்கான ஐந்து கிலோமீட்டர் சுற்று அங்கேதான். ஜூலையில் இந்த வருஷத் தேர்வும் அங்கேதான் நடந்து, ஐந்து பேர் தேறினார்கள். முதல் வருஷப் பாண்டிமீனா கையில் தூரம் காட்டுகிற புதுக் கடிகாரம். முடித்ததும், "சார், இது அஞ்சு இல்ல. அஞ்சு புள்ளி நாலு" என்றாள்.

"ஏம்மா, நான் இந்தக் கரையில ஓடுறப்ப உங்கப்பாவுக்குக் கல்யாணமே ஆகல."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் கடிகாரத்தையே பார்த்தாள்.

ஆகஸ்ட் 5
மலிவுக் கடிகாரம். அதன் பேச்சைப் போய் யார் கேட்பது?

ஆகஸ்ட் 7
கேட்டுவிட்டேன். நூறு மீட்டர் டேப்பை வைத்து ஐம்பத்தைந்து தடவை குனிந்து நிமிர்ந்தேன். மறுமுனையைக் காவலாளி சுடலை பிடித்தார். ஆடு மேய்க்கிற ஒருவர் பின்னாலேயே வந்து, "என்ன சார், ரோடு போடப் போறாகளா? எங்க எடம் எம்புட்டுப் போகும்?" என்று உயிரை எடுத்தார்.

5,420 மீட்டர்.

இடுப்பு போச்சு. மானமும்.

ஆகஸ்ட் 8
பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என் மொபெட்டை ஓட்டி அளந்த சுற்று அது. அந்த மொபெட்டுக்கு மீட்டர் மாற்றிக் கொடுத்த அவனியாபுரம் மெக்கானிக் கருத்தக்கண்ணனிடம் போனேன்.

"மாப்ள, அது வேற வண்டி மீட்டருல்ல. கம்மியாத்தான் காட்டும். விக்கிறப்ப நல்ல வெல போகும்னு ஒனக்காகத்தான் போட்டேன். நீ அத வச்சுப் பூமிய அளப்பன்னு நான் கண்டனா?"

நல்லது செய்தவனை என்ன திட்டுவது?

ஆகஸ்ட் 9
"போட்டின்னா மட்டும் உங்க பிள்ளைக எப்படிண்ணே பறக்குதுக?" என்று மற்ற கல்லூரிக்காரர்கள் வருஷா வருஷம் கேட்பார்கள். மூச்சுப் பயிற்சி, மன உறுதி என்று நானும் அடித்துவிடுவேன். மூச்சுமில்லை, மனசுமில்லை. போட்டியில் தூரம் கம்மி. அம்புட்டுதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
பழைய நோட்டை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

2023, தேர்வு ஓட்டம். பி.காம். முதல் வருஷம், தமிழ்வாணி: 23:10. என் மகள்; இப்போது மூன்றாம் வருஷம். 22 நிமிஷத்துக்குள் வந்தால்தான் அணியில் இடம். ஆறு பேர் போகலாம், ஐந்து பேர்தான் தேறினார்கள். ஆறாவது இடத்தைக் காலியாக விட்டாலும் விட்டேன், மகளைச் சேர்க்கவில்லை. அதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னேன்! அவள் அன்றோடு ஓட்டத்தை விட்டாள்.

மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியான ஐந்து என்றால் 21:22.

எம்மக தேறியிருக்கா. ஒரு டேப் வாங்க வக்கில்லாமலா போச்சு எனக்கு? நானெல்லாம் என்ன கோச்சு —

ஆகஸ்ட் 12
வீட்டில் பாண்டீஸ்வரியிடம் சொன்னேன். "இப்ப சொல்லி என்னத்துக்கு?" என்றவள், ரசம் ஊற்றும்போது மாறிவிட்டாள். "சொல்லித் தொலைங்க. நீங்க சாப்பிடுற லட்சணத்தப் பாத்து, அப்பாவுக்கு என்ன வியாதின்னு அவ கேக்குறா." மனைவியிடம் யோசனை கேட்டால் இரண்டு கிடைக்கும்.

ஆகஸ்ட் 13
மகளிடம் சொன்னேன். இட்லியைப் பிய்த்தபடியே கேட்டாள்.

"மீட்டரா?"

"மீட்டர்தான்."

"எனக்கு மூச்சுப் பத்தாதுன்னு ஊரெல்லாம் சொன்னீகளேப்பா."

இந்த வருஷமும் ஆறாவது இடம் காலிதான், உன் பேரை எழுதிடுறேன் என்றேன்.

"எழுத வேணாம். சரியா அளந்து மறுபடி ஓட விடுங்க. எல்லாரோடயும் ஓடுறேன்."

ஆகஸ்ட் 27
இரண்டு வருஷம் சும்மா இருந்த கால். வீங்கியிருக்கிறது. ஆனாலும் விடிந்ததும் கண்மாய்க்கரைக்கு ஓடப் போய்விட்டாள்.

செப்டம்பர் 6, சனி
புதிதாக அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, மறுதேர்வு. ஜூலையில் தேறிய ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் அவள். கடைசி வளைவில் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. 'வா தாயி, வா' என்று மனசுக்குள் கத்தினேன். வெளியே கத்தினால் கோச் கத்துவதாகாது, அப்பன் கத்துவதாகிவிடும்.

22:07.

ஏழு வினாடி அதிகம். கடிகாரம் என் கையில், கட்டைவிரலும் என்னுடையது. பக்கத்தில் யாருமில்லை.

முழங்காலைப் பிடித்துக் குனிந்தபடியே, "எம்புட்டுப்பா?" என்றாள்.

"இருபத்திரண்டு ஏழு."

"தூரம் சரிதான?"

"ரெண்டு தடவ அளந்தேன்."

"அப்பச் சரி."

ஐந்து பேர் பட்டியலில் கையெழுத்துப் போட்டு, அவளைக் கூப்பிட்டுக்கொண்டு அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறப் போனேன். "நீங்க வாங்க, நான் ஓடியே வாரேன்" என்று போய்விட்டாள். ஆள் நிறையாமல் எடுக்க மாட்டேன் என்று ஆட்டோக்காரர் நிற்கிறார், நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார். நான் பழங்காநத்தத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் வாசல் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.