கல்லில் உட்கார்ந்து தூண்டில் போட்டவனுக்கு

நேற்று மத்தியானம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. கடையிலிருந்து சாப்பிட வந்த நான் வாசற்படியைத் தாண்டும் முன்பே அந்த நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது. "இன்னாங்க இது, எலி எதனா செத்துப் போச்சா?" என்று வீட்டுக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எலி இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஃப்ரீசரின் அடியில் ஐஸுக்குள் புதைந்து கிடந்த உன் டப்பாதான். உன் வீட்டு ஃபிரிட்ஜில் இடம் தரமாட்டார்கள் என்று என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாயே, அந்த மீன் சினை. மூடியில் "தொடாதே" என்று நீ மார்க்கரில் எழுதியது இன்னும் அழியவில்லை.

அந்த டப்பாவைப் பார்த்ததும் நான் உட்கார்ந்து அழுதிருப்பேன் என்று நீ நினைத்தால் அது தப்பு. எனக்குக் கோபம்தான் வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமாக இதே கோபத்தோடுதான் தூங்கி எழுந்திருக்கிறேன். இந்தக் கடிதமும் உன்னைத் திட்டுவதற்காகத்தான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? அந்த வீடியோவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். திண்டிவனத்தில் பக்கத்துப் பக்கத்துக் கடை நமக்கு. உன்னுடையது தையல் கடை, என்னுடையது மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்து போனைக் காட்டினாய். ஏதோ குளிர்தேசத்து ஆறு. ஒரு வெள்ளைக்காரன் மார்பு வரை ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றான். பதம் பண்ணிய மீன் முட்டையை வலைத்துணியில் முடிந்து, தூண்டிலில் கோத்து, ஆறு போகிற போக்கில் விட்டான். கொஞ்ச நேரத்தில் தொடை பருமனில் ஒரு சால்மன் மீன்.

"நம்ம ஆத்துல ஏதுடா சால்மன்?" என்று கேட்டேன்.

"சால்மன் இல்லன்னா இன்னாடா, வாளை கீது இல்ல? அதுவும் வாய் தொறந்துக்கினு வர்ற ஜாதிதானே" என்றாய். "பேண்டுக்கு நீ கவலப்படாத, நான் தெச்சுக்கறேன்."

தைத்தாய். மழைக்கோட்டுத் துணியில், இரட்டைத் தையல் போட்டு. திருவக்கரை பக்கம் சங்கராபரணியில் இறங்கி நாலு அடி வைத்ததும் இரண்டு காலிலும் தண்ணீர் நிரம்பி, நீ நகர முடியாமல் கைகளை ஆட்டிக்கொண்டு நின்றாய். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. இரண்டு பக்கமும் கத்தரியால் கிழித்துத்தான் உன்னை வெளியே எடுத்தேன். அன்றைக்கும் உன்னைத் திட்டினேன். நீ சிரித்தாய். நமக்கு அதுதான் வழக்கம்.

சினை உன் பொறுப்பு. மார்க்கெட்டில் கட்லா வெட்டுகிற அக்கா உனக்கென்று எடுத்து வைப்பார். உப்பும் சர்க்கரையும் பிசிறி, ஃபேன் காற்றில் உலர்த்தி, விரலில் பசை மாதிரி ஒட்டுகிற பதத்தில் எடுப்பாய். வெள்ளைக்காரன் சிவப்பாக்குகிறான், நாமும் ஆக்க வேண்டும் என்று கேசரிப் பவுடரைக் கொட்டினாய். ஒரு வாரம் உன் விரல்கள் சிவப்பு. ஒரு மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை காலரில் உன் கட்டைவிரல் அப்படியே பதிந்து, அவர்கள் வீட்டார் கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். கொசுவலைத் துணியில் சுண்டைக்காய் அளவுக்கு முடிச்சுப் போடுவாயே, அதை மட்டும் குறை சொல்ல முடியாது. எத்தனை முறை வீசினாலும் அவிழாது.

இந்த முறையில் உட்கார்ந்து தூண்டில் போட முடியாது. நீரோட்டத்தின் மேல்பக்கமாக வீச வேண்டும். ஈயக்குண்டு ஆற்றின் அடியைத் தட்டித் தட்டி உருண்டு போகும். அது போகிற வேகத்தில் நாமும் கரையோடு நடக்க வேண்டும். வேலிகாத்தான் மரத்திலிருந்து தடுப்பணை வரைக்கும் நடந்துவிட்டு, நூலைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் மேலே ஏறி வர வேண்டும். "தண்ணி நடக்கற மாதிரி நட. இழுக்காத, வுடாத" என்று எனக்குச் சொன்னவனே நீதான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு நாற்பது ஐம்பது நடை நடந்திருப்போம்.

போன வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்தபோது நீ நடக்கவில்லை.

கரையில் இருந்த அந்தப் பெரிய கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாய். உட்கார்ந்த இடத்திலிருந்தே வீசினால் நூல் இழுபட்டு, இரை கரைப்பக்கம் ஒதுங்கி, புல்லில் போய் மாட்டும். மாட்டியது. ஒவ்வொரு முறையும் நான் போய் எடுத்துவிட்டேன். "இன்னாடா, ஏரியிலயா தூண்டி போடற? எழுந்து நட்றா சோம்பேறி" என்று கத்தினேன். "நீ நட, உனக்குத்தான் தொப்பை" என்றாய்.

வேறு மாற்றங்களும் இருந்தன. நான் கொண்டு போகிற குழம்பைத் தொடாமல் உனக்கென்று தனியாக இட்லி கட்டிக்கொண்டு வந்தாய். என் வீட்டுச் சாப்பாடு உனக்குக் கசந்துவிட்டதா என்று முறைத்தேன். தண்ணீரை பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்தாய். "கோயில் தீர்த்தமாடா அது?" என்று கேலி செய்தேன். வெயிலில் கூட முழுக்கைச் சட்டை. செவ்வாயும் வெள்ளியும் கடை பூட்டியிருக்கும். விழுப்புரத்தில் ஏதோ பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர் பிடித்திருப்பதாகச் சொன்னாய். பெரிய ஆளாகிவிட்டான் என்று நினைத்து, பிரியாணி வாங்கிக் கொடு என்று நச்சரித்தேன். எல்லாமே என் கண் முன்னால்தான் நடந்தது. எரிந்துபோன காயிலை மோந்து பார்த்தே மோட்டாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறவன் நான். எதிரில் இருந்த உன்னை எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

தை மாதம், அந்த ஞாயிற்றுக்கிழமை. உன் தூண்டிலில் வாளை விழுந்தது. நான் கீழ்ப்பக்கம் கைவலையோடு நின்றிருந்தேன். அது ஒரு தரம் புரண்டபோது முதுகைப் பார்த்தேன், கைநீளத்துக்கு மேல் இருக்கும். நாலு வருஷமாக நாம் தேடிக்கொண்டிருந்த மீன். நீ வலது கையால் மட்டும் கழியைப் பிடித்துக்கொண்டு, அடிப்பக்கத்தை அக்குளில் இடுக்கியிருந்தாய். "இன்னொரு கையால சுத்துடா! சுத்துடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உன் இடது கை மடியிலேயே கிடந்தது. ஒரு இழுப்பு. கழி உன் கையை விட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

ஓடி வந்து உன் எதிரில் நின்று என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "ரெண்டு கை வெச்சிக்கினு ஒரு மீனப் புடிக்கத் தெரியல. கையாலாகாத பய. இனிமே என்கூட ஆத்துக்கு வராத."

நீ சிரித்தாய். "சரிடா, வரல" என்றாய்.

நானும் விடவில்லை. மூன்று வாரம் உன்னோடு பேசவில்லை. நடுவில் ஒரு சுவர்தான். உன் மெஷின் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நீயாக வந்து பேசட்டும் என்று வீம்பாக இருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை உன் கடை பூட்டியிருந்தது. யூனிபார்ம் ஆர்டர் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து உன்னைக் கொண்டு வந்தார்கள்.

குளிப்பாட்டும்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. ஊசி போட்ட தழும்புகள் வரிசையாக. "இது இன்னாது?" என்று உன் தம்பியைக் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "டயாலிசிஸ் பண்ண கைண்ணா. அந்தக் கையில வெயிட்டு தாங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருந்தாரு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு மட்டும்தான் தெரியாது. உன் தம்பிக்குத் தெரியும். மயிலத்தில் நாம் நிறுத்தி டீ குடிக்கிற கடைக்காரருக்குத் தெரியும். என் வீட்டுக்காரிக்கே தெரியும்! உன் சம்சாரம் அவளிடம் சொல்லி, எனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறது. அவளோடு ஒரு மாதம் நான் சரியாகப் பேசவில்லை.

காரியம் முடிந்த அன்று உன் சம்சாரத்தைக் கேட்டேன், ஏன் என்று. அது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "எல்லாரும் என்னைப் பாவம் பாக்கறாங்க. அவன் ஒருத்தந்தான் எப்பவும் போலத் திட்டிக்கினு கீறான். அதையும் கெடுத்துடாதன்னு சொன்னாருண்ணா."

அடப்பாவி. உனக்கு வேண்டியது உனக்குக் கிடைத்துவிட்டது. என்னைக் கேட்டாயா? பாவம் பார்த்திருப்பேன்தான். பார்த்தால் என்ன குறைந்துபோகும் உனக்கு? உன்னைக் கல்லில் உட்கார வைத்துவிட்டு உன் நூலையும் பிடித்துக்கொண்டு நானே நடந்திருப்பேன். அந்த வாளை விழுந்தபோது வலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து கழியை வாங்கியிருப்பேன். வாளை என்னடா வாளை. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் வண்டியில் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பேன். திட்டுவதைக் கூட நிறுத்தியிருக்க மாட்டேன், அளந்து திட்டியிருப்பேன். உன் ஆசைக்கு என் வாயைப் பயன்படுத்திக்கொண்டு, அந்தக் கடைசி வார்த்தையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். அதை எங்கே போய்த் திரும்ப வாங்குவேன்? யாரிடம் மன்னிப்புக் கேட்பேன்? உன் மகனிடம் கேட்டேன், அவன் என்னைத் தேற்றுகிறான். எனக்கு அதுவா வேண்டும்?

ஐப்பசி பிறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. இன்று காலையில் தனியாகத் திருவக்கரைக்குப் போனேன். அங்கே வேறு இரண்டு பேர் இருந்தார்கள், நம் வயதுதான் இருக்கும். ஒருவன் வலையை இழுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் கரையில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தான். இழுக்கிறவன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். நான் நேராகப் போய், "அவருக்கு உடம்பு எப்படி கீதுன்னு ஒரு வார்த்த கேளுப்பா" என்றேன். இரண்டு பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "இவனுக்கு இன்னா கேடு சார், நேத்து அடிச்சது இன்னும் தெளியல" என்றான் வலைக்காரன். கிடந்தவன் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். ஒரு நோயும் இல்லாத சிரிப்பு. எனக்கு அந்த வலைக்காரனைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. எவ்வளவு தாராளமாகத் திட்டுகிறான்!

என்னால் இப்போது அப்படித் திட்ட முடிவதில்லை. காயிலுக்குச் செம்புக் கம்பி கொண்டுவருவதாகச் சொன்ன நாளில் வராத கம்பிக்காரரிடமும், சில்லறை தராத கண்டக்டரிடமும் கூட, வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்கிறேன். ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கோபப்படுகிறேன். கேட்டுவிட்டுக் கோபப்பட்டால் அது ரொம்ப நேரம் நிற்பதில்லை. உன்னிடம் மட்டும்தான் கேட்காமல் கோபப்பட்டேன். இனிமேல் கேட்கவும் முடியாது. அதனால் உன்மேல் உள்ளது மட்டும் தணிய மாட்டேன் என்கிறது.