காரணம் சொல்லும் வாக்கியம்

மார்ச் 3, திங்கள்

இன்றும் என் அறிக்கைக்குக் கீழே பக்கத்து மேஜைக்காரிதான் கையெழுத்திட்டாள். தண்ணீர்ப் பரிசோதனை முழுக்க நான் செய்தது. ஆய்வகத் தலைவர் மாதக் கடைசிவரை அவகாசம் தந்திருக்கிறார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் என் முடிவுகளை நானே இந்த நாட்டு மொழியான டேனிஷில் விளக்க வேண்டும், ஆங்கிலம் கூடாது. முடிந்தால் கையெழுத்து உரிமை எனக்கு. இல்லாவிட்டால் நிரந்தரமாக அவளுக்கு.

இருபத்திரண்டு வருடம் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்தவளுக்கு இது தேவைதானா? தேவையோ இல்லையோ, விடப்போவதில்லை.

மார்ச் 6, வியாழன்

மாலை டேனிஷ் வகுப்பில் இணைப்புச் சொற்கள். 'மென்' என்றால் ஆனால். சாது, எதையும் கலைக்காது. 'ஃபோர்டி' என்றால் ஏனென்றால். அது வந்ததும், வினைக்குப் பின்னால் இருந்த 'இல்லை' எழுந்து முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கிலத்து 'பிகாஸ்' இப்படியெல்லாம் படுத்தாது. காரணத்தை முதலில் சொன்னாலோ, அடுத்த பாதியில் வினை எழுவாயை முந்திக்கொள்கிறது.

மார்ச் 10, திங்கள்

தப்பே வராத வழி கண்டுபிடித்தேன்: இணைக்காமல் பேசுவது. முதியோர் இல்லத்துத் தொட்டித் தண்ணீர் பற்றி, "கிருமி எண்ணிக்கை சரி. நான் ஏற்கவில்லை" என்றேன். இலக்கணம் சுத்தம்.

தலைவர் என்னையே பார்த்தார். "கையெழுத்து இல்லைங்கிற கோபமா?"

குளிர்பெட்டியில் வரவேண்டிய மாதிரிப் புட்டி வெதுவெதுப்பாக வந்தது; வழியில் கிருமி கூடியிருக்கலாம், செத்திருக்கலாம், அந்த எண்ணை நம்ப முடியாது. இதைச் சொல்ல வரவில்லை. தண்ணீர் தேறியதாக அறிக்கை போய்விட்டது.

மார்ச் 11

இவரிடம் புலம்பினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "நீ தமிழ்லயே அப்படித்தானே. 'வரல.' 'வேணாம்.' தந்தி அடிக்கிற மாதிரி. ஏன்னு நான் கேட்டாத்தான் உண்டு. கேட்டாலும் பாதி நாள் கிடையாது" என்றார்.

என்ன மனுஷன் இவர், எல்லாமே விளையாட்டுத்தானா— இல்லை. சரியாகத்தான் சொல்கிறார்.

மார்ச் 16, ஞாயிறு

தினம் நாற்பது வாக்கியம். வீட்டிலும் பயிற்சி. "ஜன்னலைச் சாத்துறேன், ஏன்னா எனக்குக் குளிருது" என்றேன்.

"உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மார்ச் 24, திங்கள்

அதே இல்லத்துப் புட்டி, மறுபடி வெதுவெதுப்பு.

கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: எண்ணிக்கை சரியாக இருந்தாலும், புட்டி ஐந்து மணிநேரம் குளிர்பெட்டி இல்லாமல் வந்ததால், நான் அதை நம்பவில்லை, எனவே மறு மாதிரி வேண்டும். ஒரே வாக்கியம். நடுவில் 'இல்லை' தவறான இடத்தில் விழுந்தது. தெரிந்தது, குனிந்து எடுக்கவில்லை, மேலே போனேன். எல்லோரும் முடிவுவரை காத்திருந்தார்கள்.

"போன தடவையும் இதேதானா?" என்றார் தலைவர்.

"ஆமாம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

சொன்னேன். பாதி.

மார்ச் 27, வியாழன்

மறு மாதிரி சுத்தம். எனக்குச் சிறிய ஏமாற்றம்; எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வழக்கம்போல் அறிக்கையைப் பக்கத்து மேஜைக்காரியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"என்கிட்ட ஏன் தர்றீங்க? தலைவர் காலையிலயே சொல்லிட்டாரே."

குறிப்புக் கட்டத்தில், மறு மாதிரி ஏன் கேட்டோம் என்று இரண்டு வரி எழுதினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.