பலகையின் அடியில் இருந்த வரி

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

முதலில் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். சில எழுத்துகள் பெரிதாகவும் சில பொடியாகவும் விழுந்திருக்கும். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரி முடிவதற்குள் கை மேலே ஏறிவிடுகிறது. கப்பல் ஆடுவதால் என்று சொல்லலாம். சொல்ல மாட்டேன். தரையிலும் எனக்கு இப்படித்தான் வருகிறது.

உன்னை எப்படி விளித்து எழுதுவது என்று யோசிப்பதிலேயே ஒரு காலைப்பொழுது போயிற்று. நாற்பத்திரண்டு வருடமாக ‘இந்தா’ என்றே கூப்பிட்டு ஓட்டிவிட்டேன். கடிதத்தை அப்படித் தொடங்கக் கூடாது என்று எங்கள் டீச்சர் சொல்லிவிட்டார். டீச்சர் என்றதும் உனக்குத் திகைப்பாக இருக்கும். நீ உன் அக்கா மகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. நீ போன பத்தாவது நாள், நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். பையனுக்கே மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னேன். வகுப்பில் பதினொரு பேர், நான்தான் மூத்தவன். டீச்சர் முன்பு நர்ஸாக இருந்தவர். தப்பாக எழுதினால் ஊசியைக் கையில் எடுத்தவர் மாதிரி பார்ப்பார்.

நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். எழுதியது அப்படியே இருக்கிறது. நான் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அதையேதான் சொல்கிறது. அந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கப்பல் விஷயம் உனக்குத் தெரியும். பையன் நம் இருவருக்கும் போன வருடமே டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். நீ வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், உன் இடத்தில் சம்பந்தியை ஏற்றிவிட்டான். சம்பந்தியம்மாவுக்குத் தண்ணீரைக் கண்டாலே தலை சுற்றுமாம். ஆக, ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தவரும் அவளுக்கு மாமனாரும் ஒரே அறையில் எட்டு நாள். இரண்டு பேருமே மரியாதையில் மூச்சு முட்டிப்போய் இருக்கிறோம். குளியலறைக்கு முதலில் யார் போவது என்பதில் தினமும் கால் மணி நேரம் ‘நீங்க போங்க, நீங்க போங்க’ என்று நடக்கிறது. மற்றபடி வசதிக்குக் குறைவில்லை. படுக்கை விரிப்பை நன்றாக மடித்துப் போடுகிறார்கள். தலையணை உறையில்தான் கஞ்சி கொஞ்சம் அதிகம். ஓட்டல் சலவைக்கூடத்தில் முப்பத்தெட்டு வருடம் நின்றவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது.

இனி முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

காலையில் கப்பலை ஒரு மணல் தீவுக்கு எதிரில் நிறுத்தினார்கள். சின்னப் படகுகளில் எல்லாரையும் ஏற்றிக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே கடல், மணல், குடை, சாய்வு நாற்காலி. வேறொன்றும் கிடையாது. எனக்கு மணல் என்றாலே துணி துவைக்கும் மெஷினை அடைத்துக்கொள்ளும் சங்கதிதான். சம்பந்தி ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர், வெயில் படாமலே ஓய்வு பெற்றவர். இருவருமே கப்பலில் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் மருமகள் போனில் கூப்பிட்டு, இரண்டு அப்பாக்களும் கடலில் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கேட்டு மறுக்க எங்கள் இருவருக்குமே தெரியாது.

மற்றவர்கள் இடுப்புத் துணியோடு ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் முழுக்கைச் சட்டை, பேன்ட், சாக்ஸ், தோல் ஷூவோடு போய் இறங்கினோம். சம்பந்தியின் சட்டைப் பையில் பேனா வேறு. ஷூவைக் கழற்றி, பேன்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றோம். அந்தப் பக்கம் போன ஒருவர் போட்டோ எடுத்துக் கொடுத்தார். சிரிங்க சார் என்றார். சம்பந்தி சிரிக்கக் குனிந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்தது. அவருடைய கண்ணாடி போனது போனதுதான். கொஞ்ச நேரம் நான் காலால் துழாவிப் பார்த்தேன். அவர், விடுங்க சம்பந்தி, அறையில் இன்னொன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி வந்து குடைக்கடியில் உட்கார்ந்துகொண்டார். மானஸ்தர்.

வேலை முடிந்துவிட்டது, படகு திரும்பப் பல மணி நேரம் இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல இருவரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தோம். அந்தக் கரையிலேயே முழுசாக உடுத்தியிருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் எங்களைப் பார்த்தால் யாருக்கோ பொறுப்பானவர்கள் மாதிரி இருந்திருக்க வேண்டும். மூன்று குழந்தைகளோடு வந்த ஒரு பெண், ‘கொஞ்சம் பாத்துக்கோங்க தாத்தா’ என்று தன் பையை எங்கள் காலடியில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். அதைப் பார்த்து இன்னொருவர் வைத்தார். மத்தியானத்துக்குள் பத்தொன்பது பை சேர்ந்துவிட்டது.

எல்லாம் கப்பலில் கொடுத்த அதே நீலப் பை. எது யாருடையது? சம்பந்தி பேனாவை எடுத்தார், ஒரு பட்டியல் போடலாம் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பேனாவைத் திரும்பச் செருகிவிட்டு, ஞாபகத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் சலவைக்கூடத்து வழக்கப்படி செய்தேன். பைக் காதில் ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, வலது காதில், இடது காதில், முடிச்சுக்குள் ஒரு கிளிஞ்சல். அங்கே நூல், இங்கே முடிச்சு. ஓட்டலில் நானூறு அறைத் துணியை இப்படித்தான் மாறாமல் அனுப்பினேன். எழுத்து வேண்டியிருக்கவில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

படகுத்துறையில் ஒரு பலகை இருந்தது. கடைசிப் படகு நான்கு மணிக்கு என்று பெயின்டில் எழுதியிருந்தது. காலையில் கப்பலில் கொடுத்த தாளிலும் அதே நேரம்தான், அதைச் சம்பந்தி எனக்கு ஏற்கனவே படித்துக் காட்டியிருந்தார். இரண்டு மணி தாண்டியிருக்கும், அந்த மூன்று குழந்தைக்காரி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். பலகையின் அடியில் சாக்பீஸில் என்னவோ புதிதாக எழுதியிருக்கிறதே, என்ன அது என்று சம்பந்தியைக் கேட்டாள். கண்ணில் மணல் விழுந்து அவளுக்குப் பார்க்க முடியவில்லையாம்.

சம்பந்தி பலகையைப் பார்த்தார். முகவாய் கொஞ்சம் உயர்ந்தது. கண் சுருங்கியது. உதடு இரண்டு தடவை அசைந்தது. பிறகு, படித்து முடித்தவர் போல ஒரு தலையாட்டல்.

‘அது ஒண்ணுமில்லம்மா. மணல்ல பாத்து நடக்கச் சொல்லியிருக்கான்’ என்றார்.

அவள் சரி என்று திரும்பத் தண்ணீருக்குப் போய்விட்டாள்.

அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருப்பேன்? ஐம்பது வருடமாக நான்தானே அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். உள்ளே இருந்தவனுக்கு வெளியே எப்படித் தெரியும் என்று தெரியாது. எதிரில் உட்கார்ந்து பார்த்தால் அது அப்படியொன்றும் திறமையாக இல்லை. ஆனாலும் நம்பும்படி இருக்கிறது. ஏனென்றால் கேட்டவர் நம்மை நம்பித்தான் கேட்கிறார்.

எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போனேன். ‘இன்று’ உடனே வந்துவிட்டது. ‘காற்று’ வந்தது. ‘முன்னதாக’ என்ற இடத்தில் மாட்டிக்கொண்டு, டீச்சர் சொன்ன மாதிரி விரலை வைத்துத் திரும்ப முதலிலிருந்து வந்தேன். இன்று காற்று அதிகம், கடைசிப் படகு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பும். இரண்டு தடவை படித்தேன். மணி இரண்டு இருபத்தைந்து. தண்ணீருக்குள் எத்தனை பேர், எத்தனை குழந்தைகள், அவர்கள் பை எல்லாம் எங்கள் காலடியில்.

சம்பந்தியிடம் எல்லார் முன்னிலும் சொல்ல மனம் வரவில்லை. கொஞ்சம் காலாற நடக்கலாம் வாங்க என்று அந்தப் பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னேன். முதலில், உங்களுக்குச் சரியாகப் படிக்க வந்திருக்காது என்றார். வந்தது சம்பந்தி, இரண்டு தடவை பார்த்தேன் என்றேன். அவர் முகம் தொங்கிவிட்டது. பிறகு, மனிதர் கடற்கரையெல்லாம் போய் நின்று, மூன்று மணிக்குப் படகு, மூன்று மணிக்குப் படகு என்று ஆபீஸ் குரலில் கூவினார். நான் முடிச்சைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பையாகக் கொடுத்தேன். ஒன்றுகூட மாறவில்லை. எல்லாரும் ஏறினார்கள். தலையை எண்ணிப் பார்த்துத்தான் படகை எடுப்பார்கள், யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். அப்போது எங்களுக்கு அது தெரியாது.

படகில் அவர் பேன்டின் சுருட்டலை இறக்கி நீவிவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

‘கண்ணாடி இல்ல, தெரியலம்மான்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல சம்பந்தி.’

‘வராது’ என்றேன். மிச்சத்தை உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

அன்று தபால்காரர் கவரைக் கொடுத்தபோது நீ சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாய். என்ன அது என்று உள்ளேயிருந்தே கேட்டாய். மேலே கம்பெனிப் பெயர் அச்சடித்த கவர். உள்ளே கையால் எழுதிய தாள், இரண்டு பக்கம். நான் முகவாயை உயர்த்தி, கண்ணைச் சுருக்கி, உதட்டை அசைத்தேன். நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காதவளுக்கும் அந்த முகத்தைப் போட்டேன். ‘ஒண்ணுமில்ல, சோப்பு விளம்பரம்’ என்றேன். அலமாரியில் துணிக்கு அடியில் விரிக்கத் தாள் தேடிக்கொண்டிருந்த நாள் அது. அங்கே விரித்துவிட்டேன்.

உன் அக்கா உன்னோடு ஆறு வருடம் பேசாமல் இருந்து, போன் பண்ணவும் கூச்சப்பட்டு, மாப்பிள்ளையின் ஆபீஸ் கவரில் போட்டு அனுப்பிய கடிதம் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது பதில் இல்லை. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கியிருப்பாய். அன்று மாலையே கிளம்பியிருப்பாய். அதற்குப் பிறகும் அவர் பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தார். சாவுக்குப் போன இடத்தில் நீ அவர் மகளைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் அக்கா என்னைக் கூப்பிடவே இல்லையே என்று அழுதாய். நான் வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து அலமாரியை ஒழித்தபோது உன் கையில் அது கிடைத்தது. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதும் அன்றுதான் உனக்குத் தெரிந்தது. கல்யாணத்தின்போது ஐந்தாவது படித்த மாப்பிள்ளை என்று சொன்னார்கள், அப்படியே விட்டுவிட்டேன். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படித்துக் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களை எல்லாம், எனக்குப் பொறுமையில்லை என்று உன்னிடம் தள்ளினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

‘தெரியலன்னு என்கிட்டச் சொல்றதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?’

ஆறு மாதமாக யோசிக்கிறேன். ஒன்றும் குறைந்திருக்காது. வேறு பதில் கிடைக்கவில்லை.

வீட்டுச் செய்தி சொல்ல மறந்துவிட்டேன். சமையலறைக் குழாய் ஒழுகுவதை ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். உன் மல்லிச் செடி இரண்டில் ஒன்று போய்விட்டது, தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது. நீ கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாயா? அக்கா மகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விட்டுவிடாதே. அந்தப் பெண்ணுக்கு என் விசாரிப்பைச் சொல். அவள் என்னை விசாரிக்காவிட்டாலும் பரவாயில்லை.

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன், அதனால் திரும்பி வா என்று கேட்பதற்கு இதை எழுதவில்லை. அது வேறு, இது வேறு என்று எனக்குப் புரிகிறது. வர வேண்டும் என்று தோன்றும்போது வா. தோன்றாவிட்டால் அங்கேயே நன்றாக இரு. நான் கேட்பது ஒன்றுதான். உன் அக்கா எழுதிய அந்த இரண்டு பக்கத்தை எனக்கு அனுப்பி வை. மூலம் உன்னிடமே இருக்கட்டும், நகல் போதும். அவர் கையெழுத்து எப்படியோ, எத்தனை நாள் பிடித்தாலும் விரலை வைத்து நானே படித்துவிடுகிறேன். அன்று நீ சமையலறையிலிருந்து, என்ன அது என்று கேட்டாய். அதில் என்ன எழுதியிருந்தது என்று உனக்கு நான் எழுத வேண்டும்.

அது வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்