கேரவன் சாவி

ஐப்பசி 9, ஞாயிறு.

வத்தல்மலையில் வாடகைக்கு விடுகிற எங்கள் கேரவனுக்கு என் வீட்டுக்காரர் போனில் திறக்கும் பூட்டு மாட்டியிருக்கிறார். மலையில் சிக்னல் நிற்காது, சாவியும் கூட இருக்கட்டும் என்று போன வாரமே சொன்னேன். "உனுக்கு என்னா தெரியும்?" என்று சாவியை மேசைமேல் வீசினார்.

இன்று மழை வந்ததும் சிக்னல் போய்விட்டது. வாடகைக்கு வந்த பெங்களூர்க் குடும்பம் நனைந்தபடி நிற்க, மேதாவி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கேரவனைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அந்தச் சாவி எங்கடி?"

"எனுக்கு என்னாங்க தெரியும்?"

கல்லெடுத்து ஜன்னலை உடைத்தார். உள்ளே நுழையும்போது தொப்பை மாட்டி, பாதியில் தொங்கினார்.

சாவி என் கைப்பையில்தான் இருந்தது.

இப்போது குறட்டை விடுகிறார். சாவியை அவர் போன்மேல் வைத்துவிட்டேன்.