குகனின் கெண்டைக்கால்கள்

பிப்ரவரி 1, வியாழன்

சுபாங் ஜெயா கிளினிக்கில் இன்று மூன்று பையன்கள். மூவருக்கும் தசைச் சிதைவு நோய். போன வருஷம் நடந்து வந்த ஒருவன் இன்று சக்கர நாற்காலியில் வந்தான். எந்தப் பயிற்சி கால் இறுகுவதைத் தள்ளிப்போடும் என்பதுதான் என் ஆராய்ச்சி. நிறுத்துவது அல்ல, தள்ளிப்போடுவது மட்டும்.

ஞாயிறு கிள்ளானில் தங்கை ஷாமினியின் மகன் குகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். மடி கொடுக்கப் போயே ஆகவேண்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஊசியைக் கண்டதும் குகன் என் மடியில் உதைத்தான். காலைப் பிடித்தேன். கெண்டைக்கால் கல் போல இருந்தது. நாலு வயதுப் பிள்ளைக்கு இருக்கக்கூடாத பருமன். ஷாமினியின் மாமியார் மாரியாயி பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களா தம்பி, ஃபுட்பால் ஆடுறவன் கால் லா இது."

பிறகு அவன் தரையிலிருந்து எழுந்தான். கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல.

கிளினிக்கில் தினமும் பார்ப்பதுதான். எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. பாயசம் கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

தவறாகப் பார்த்திருப்பேனோ? இல்லை.

பிப்ரவரி 10, சனி

கிள்ளானுக்குப் போய்ச் சொன்னேன். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஷாமினி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"ஒனக்கு எல்லாப் பிள்ளையும் நோயாளியாத்தான் தெரியுமாண்ணே?"

அவள் கணவர் லோகன் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். "நல்ல காரியம் முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆவல. இப்பப் போயிட்டு வாங்க மச்சான்."

குகன் என் பின்னாலேயே ஓடி வந்தான். வாசல் படியில் விழுந்தான். மூவரும் பார்த்தோம். 

மார்ச் 2, சனி

ஷாமினி போனை எடுப்பதில்லை.

மார்ச் 19, செவ்வாய்

லோகன் தனியாக பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். என் வீட்டுக்குக் கீழே இருக்கும் வாழையிலைக் கடையில் உட்கார்ந்தோம். அவர் சோற்றைத் தொடவில்லை. ஷாமினிக்குத் தெரியாமல் குகனுக்கு ரத்தம் எடுத்திருக்கிறார். கைப்பேசியில் முடிவைக் காட்டினார். தசை நொதி பல மடங்கு ஏறியிருந்தது; அதற்கு வேறு அர்த்தம் தேடினேன். கிடைக்கவில்லை.

"நீங்க தப்பா பாத்திருக்கணும்னு தினமும் சாமி கும்பிட்டேன் மச்சான்."

நானும்தான் என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டது. நான் நினைத்த நோய்தான். ஷாமினியிடமிருந்து வந்திருக்கிறது; தாய் சுமப்பாள், மகனுக்கு வரும். அவளுக்குச் செத்துப்போன அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். அவளும் நானும் ஒரே வயிறு. எனக்கு வந்திருக்கலாம். வரவில்லை. நான் ஓடி ஆடி வளர்ந்தேன். ஏன் நான் மட்டும் — இது என்ன கேள்வி.

காருக்குள் ஷாமினி அழுதாள். நாலு மாதம் கழித்து என்னிடம் பேசினாள். "அத்தைக்குத் தெரிஞ்சா, ஒன் ரத்தம்தான்னு சொல்லியே என்னைக் கொன்னுருவாங்கண்ணே."

லோகன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மாவ நான் பாத்துக்கிறேன்," என்றார்.

ஆகஸ்ட் 24, சனி

குகனின் பாலர் பள்ளியில் விளையாட்டு நாள். டீச்சர் அவனை ஓடவிடாமல் கொடி பிடிக்க வைத்திருக்கிறார். சிகிச்சைக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பியிருக்கிறது. ஷாமினி படம் அனுப்பினாள். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. 

நவம்பர் 9, சனி

லோகனும் மாரியாயி அத்தையும் குகனைப் பயிற்சிக்கு அழைத்து வந்தார்கள். குதிகாலை எப்படிப் பிடித்து நீட்டிவிடுவது என்று காட்டிக்கொண்டிருந்தேன். லோகன் தண்ணீர் வாங்கப் போனதும் அத்தை குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. இது எங்க வழியில வந்ததுன்னு மவன் சொல்றான். என் வீட்டுக்காரர் பக்கமாம். நெசமா?"

இந்த நோய் அப்பா வழியில் மகனுக்கு வராது. எத்தனையோ பெற்றோரிடம் எதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். மறைக்கக்கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவனும் நான்தான்.

"ஆமாத்தை," என்றேன்.

அவர் குகனின் தலையைத் தடவினார். "பாவம் ஷாமினி. எங்களால அந்தப் புள்ளைக்கும் கஷ்டம்."

பிறகு சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். குகனின் குதிகாலை நான் காட்டியபடி உள்ளங்கையில் ஏந்தி அழுத்தினார்.

"வலிக்குதாடா?"

இல்லை என்று தலையாட்டினான். வலித்திருக்கும்.