இடது கால்தான், அக்கா

அக்கா,

கால்நடை டாக்டர் போனை எடுக்கவில்லை. கையோடு கூட்டி வர பைக்கில் கிளம்பிவிட்டேன். டியூட்டி முடிந்து வந்ததும் நேரே குதிரை லாயத்துக்குப் போ. சாவி ஜன்னல் மேல் இருக்கிறது.

கறுப்பிக்கு வலி இடது முன்னங்காலில்தான். நொண்டும்போது எந்தக் கால் தரையில் பட்டால் தலை இறங்குகிறதோ அதில்தான் வலி என்று நான் அடித்துச் சொன்னேனே, அது தப்பு. லாடம் அடிப்பவர் இப்போதுதான் போனில் சொன்னார்: "தம்பி, நல்ல கால் படும்போதுதான் தலை இறங்கும்."

ஓடிப்போய் இடது குளம்பைத் தொட்டேன். கொதிக்கிறது. உள்ளே சீழா, குளம்புக்குள் இருக்கிற எலும்பே கீழே இறங்கிவிட்டதா என்று அவருக்கும் தெரியவில்லை. எலும்பு என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "மொதல்ல டாக்டரக் கூட்டிட்டு வா" என்று வைத்துவிட்டார்.

அவளை ஓர் அடிகூட நடத்தாதே. தண்ணீரை வாய்க்கு எட்டுகிற மாதிரி வைத்திருக்கிறேன். உன் சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

"இடது காலப் பாருடா" என்று நீ சொன்னதற்கு, "நீ மனுஷங்களுக்குத்தான் நர்ஸ்" என்றேன். டாக்டர் எதிரிலேயே திட்டு. வாய் திறக்க மாட்டேன்.

பி.கு. நாலு நாளாக நல்ல காலைத் தூக்கிப் பிடித்துத்தான் கட்டுப் போட்டிருக்கிறேன். அவ்வளவு நேரமும் அவள் பாரமெல்லாம் அந்த இடது காலில். அவள் உடம்பு நடுங்கியது, அக்கா. "ஒழுங்கா நில்லுடி" என்று அதட்டினேன். நின்றாள்.