பூச்சிகளுக்கு ஆறு வாரம்

அன்புள்ள என் மாமாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் செய்தது, மீன்தொட்டிக்குக் கீழே குனிந்து, தண்ணீரை வடிகட்டும் சம்ப் பெட்டியின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்ததுதான். பல்கூட விளக்கவில்லை. ஈரமண் வாசம் வந்தது. சாயப்பட்டறையில் கழிவுநீர் சுத்திகரிக்கும் தொட்டி ஓரமாகவே இருபது வருடம் நின்ற நீங்கள், மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் மோந்துதான் பார்ப்பீர்கள். மண் வாசம் வந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது, முட்டை நாற்றம் அடித்தால் செத்துவிட்டது. அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவுக்கு உங்களிடம் வேறு பெயரே கிடையாது.

குடித்தனம் நடத்திய காலமெல்லாம் உங்களை மாமா என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போதும் வேறு எதுவும் வரவில்லை.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனீர்கள், அவ்வளவுதான். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வேலைக்குப் போகிறேன், சாம்பிள் ரூமில் பனியனுக்கு அளவெடுக்கிறேன், வந்து சோறு வைக்கிறேன். யாராவது கேட்டால் "நல்லா இருக்கறனுங்க" என்கிறேன். அது பொய்யா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்த அன்றே என் அண்ணன் பேச்சை எடுத்துவிட்டார். "அம்முணி, புள்ளகுட்டின்னு யாரும் இல்லாம நீ ஒருத்தி இந்த ஊட்டுல என்ன பண்ணப்போற? காங்கேயத்துல நம்ம மில்லுக்குப் பக்கத்துல மேல் ஊடு சும்மாதான் கெடக்குது. வந்துரு."

"சரிங்கண்ணா" என்றேன். மறுக்கக் காரணம் தோன்றவில்லை. கிளம்பவும் கால் வரவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். ஒருநாள் போனில் அவர் விடாப்பிடியாகத் தேதி கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மீனு இருக்குதுங்கண்ணா."

"மீனா? அதை யாருக்காச்சும் குடுத்துட்டு வா."

"கலங்குன தண்ணியோட எப்படிங்கண்ணா குடுக்கறது? அவரு பாதியில வுட்ட ஃபில்டர் இருக்குது. அதைக் கட்டி முடிச்சு, பூச்சி செட் ஆகறதுக்கு ஆறு வாரம் ஆகும். அது ஆகட்டும், வந்தர்றேன்."

அப்படித்தான் இந்தச் சம்ப்பைக் கட்ட ஆரம்பித்தேன். உங்கள் நினைவுக்காக அல்ல. மன்னித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

பட்டறையின் பதிவுத் தாளுக்குப் பின்புறம் நீங்கள் வரைந்து வைத்திருந்த படம் கிடைத்தது. மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் குழாய் வழியாகக் கீழே உள்ள கண்ணாடிப் பெட்டிக்கு இறங்க வேண்டும். அங்கே இரண்டு தடுப்பு, மூன்று அறை. முதல் அறையில் துணிப்பை, குப்பை அதிலேயே நின்றுவிடும். நடு அறை பூச்சிகளின் வீடு. அவை ஒட்டிக்கொண்டு வளர, பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரை ஒரு சாக்கு நிறைய வாங்கிப் போட்டிருந்தீர்கள். கடைசி அறையில் மோட்டார், சுத்தமான தண்ணீரை மேலே ஏற்ற. பெட்டி தயாராக இருந்தது. தடுப்புகள்தான் பாக்கி.

அளவெடுத்துக் கண்ணாடிக்கடை பாயிடம் கொடுத்தேன். வெட்டிக் கொண்டுவந்தால் இரண்டுமே பெட்டிக்குள் இறங்கவில்லை. திரும்பக் கொண்டுபோனேன். பாய் என் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அரை இஞ்சு எதுக்குங்க மேடம் சேத்து எழுதியிருக்கறீங்க?"

"அலவன்சுங்க" என்றேன். கை தானாக எழுதியிருக்கிறது.

"துணின்னாத் தொவைச்சாச் சுருங்கும், அலவன்ஸ் வேணும். கண்ணாடி எப்பங்க சுருங்கும்?" கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். "நல்லவேளை பெருசா எழுதுனீங்க. சிறுசா எழுதியிருந்தா இழுத்துப் புடிச்சா தெக்கறது?"

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் ஒரு வாரம் இதைச் சொல்லியே என்னைக் கொன்றிருப்பீர்கள்.

அடுத்த தப்பு சிரிக்கும்படி இல்லை. படத்தில் முதல் அறைக்கு நேராக 'துணிப்பை' என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். என்ன துணி என்று எழுதவில்லை. திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? சாம்பிள் ரூமில் மிஞ்சிய வெள்ளை பனியன் துணி, புத்தம் புதுசு. பையாகத் தைத்து மாட்டி மோட்டாரைப் போட்டேன். மறுநாள் காலை தொட்டி முழுக்க நுரை. நான்கு ஆஸ்கர் மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் மூன்று போய்விட்டன.

அந்தத் துணியின் வழவழப்பு பருத்தியுடையது அல்ல, கடைசியில் ஏற்றும் சாஃப்ட்னருடையது. அது மீனுக்கு விஷம். எனக்குத் தெரியாதா? துணியைத் தடவித் தடவிப் பார்த்து 'ஹேண்ட் ஃபீல் ஓகே' என்று தினமும் கையெழுத்துப் போடுகிறவள் நான். கெமிஸ்ட்ரி படித்தவள். மூன்றையும் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். கையைக் கழுவினேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை மாமா. நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு வால்வை மூடிவிட்டீர்களா?

மிஞ்சிய ஒன்றை வாளியில் விட்டேன். எல்லாவற்றையும் அலசி, புதுத் தண்ணீர் நிரப்பி, துணிக்குப் பதில் மீன் கடையில் விற்கும் வெள்ளைப் பஞ்சை வைத்து, மீனைத் திரும்ப விட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆறு வாரம் அன்றைக்குத்தான் உண்மையாகத் தொடங்கியது.

மோட்டார் குழாயில், மேல் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 'இங்கே ஓட்டை' என்று அம்புக்குறி போட்டிருந்தீர்கள். எதற்கென்று புரியாமலே துளை போட்டேன். ஒருநாள் கரண்ட் போனபோது மேல் தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பிக் கீழே இறங்க ஆரம்பித்தது. துளை வரைக்கும் இறங்கியது, காற்றை இழுத்தது, நின்றுவிட்டது. இல்லையென்றால் கூடமெல்லாம் வெள்ளம்தான். வேறு எதையெல்லாம் இப்படிக் காரணம் எழுதாமல் விட்டுப்போனீர்கள்?

அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்தார். "பூச்சி செட் ஆயிருச்சா அம்முணி?"

"இன்னும் இல்லீங்கண்ணா."

பின்னாலிருந்து அண்ணியின் குரல்: "ஊட்டுல பூச்சின்னா மருந்தடிக்கச் சொல்லுங்க. இதுக்குப் போயி ஆறு வாரமா?"

தீபாவளிக்குப் பட்டறையை ஒரு வாரம் மூடுவார்களே, ஆள் எல்லாம் ஊருக்குப் போய்விடும். கழிவு வராவிட்டால் பூச்சி பட்டினியில் செத்துவிடும் என்று நீங்கள் மட்டும் தினமும் வெல்லத்தையும் சாணியையும் கரைத்து ஊற்றப் போவீர்கள். அண்ணன் எவ்வளவு கேலி செய்தார்! "மாமியார் ஊட்டுப் பலகாரத்தை வுட்டுப்போட்டுச் சாணி கரைக்கப் போற மாப்ள, ஊர் ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தானுங்க." நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுங்களுக்கு லீவு இல்லீங்களே மச்சான்" என்றீர்கள்.

நேற்று சோதனைக் குழாயில் மருந்தை விட்டுப் பார்த்தேன். இத்தனை நாளும் பச்சையாகத் திரிந்த தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா இல்லை. பூச்சி செட் ஆகிவிட்டது. மிஞ்சிய மீன் தின்கிறது, சண்டைக்கு ஆள் இல்லாமல் கண்ணாடியை முட்டுகிறது. ஆறு வாரம் முடிந்தது. என் சாக்கும் முடிந்தது.

சரியாக நேற்று மாலையே அண்ணன் போன் செய்தார். கேட்டதும் மறைக்கவில்லை, ஆகிவிட்டது என்றேன். "அப்ப ஞாயித்துக்கெழமை டெம்போ எடுத்துட்டு வர்றேன். சாமானெல்லாம் கட்டி வெச்சிரு" என்றார். அவர் குரலில் இருந்தது பாசம்தான். எனக்கும் தெரியும்.

ஒரு பெட்டிகூடக் கட்டவில்லை மாமா. நான் காங்கேயம் போகப்போவதில்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில். இந்த வீட்டில் சந்தோஷமாக இருப்பேனா என்றால் தெரியாது. அழுவேனா, அதுவும் தெரியாது. எதுவுமே தெரியாமல் இருப்பதற்கு எனக்கு ஓர் இடம் வேண்டும், அது இந்த வீடாக இருக்கட்டும்.

அண்ணன் காரணம் கேட்பார். மீனைக் காட்டித் தப்பிக்க மாட்டேன், உங்களையும் இழுக்க மாட்டேன். "நான் வரலீங்கண்ணா" என்று மட்டும், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவருக்கும் டெம்போக்காரருக்கும் சேர்த்துச் சமைத்து வைத்திருப்பேன். சாப்பிட்டுவிட்டு, காலி வண்டியோடு போகட்டும்.

உங்கள் சம்சாரம்,
கோகிலா